கருவிக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆயுத பூஜையன்று மண்வெட்டியையும் அரிவாளையும் கழுவிப் பொட்டு வைக்கிறோம். மறுநாளே அவை உர மூட்டைக்குப் பின்னால் போய்விடுகின்றன. யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுப்பவை. பொட்டாஷில் உள்ள குளோரைடு இரும்பை விரைவாக அரிக்கும். உரமும் கருவியும் ஒரே மூலையில் இருக்கக் கூடாது.

மழுங்கிய கருவியால் வேலை தாமதமாகும். வலி, பிடிப்பவரின் தோளுக்கு. களைக்கொத்தி பிடிப்பவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்களே. கூரையில் செருகிய அரிவாள் குழந்தைகள் மேல் விழலாம். மண் படிந்த கருவி வெட்டினால் ரணஜன்னி வரும் அபாயமும் உண்டு. காயத்தைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. கொட்டகையில் சாரல் படாத சுவரில் ஒரு பலகை அறைந்து ஆணியடியுங்கள். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கரியால் வரைந்துவிட்டால், எது வயலிலேயே தங்கிவிட்டது என்று மாலையே தெரியும். மண்ணைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரும்பில் லேசாக எண்ணெய் தடவி மாட்டுங்கள். அரிவாள் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், கூர்ப்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். மரப்பிடி தரையைத் தொடாமல் இருந்தால் கரையான் தொல்லை குறையும்.

விரிவாக்கப் பணியாளர்களே, விதை நேர்த்தி செய்து காட்டும் கூட்டத்திலேயே இதையும் காட்டுங்கள். அறுவடைக்கு ஆள் கிடைப்பதே அரிது; வந்தவர் கையில் நல்ல அரிவாளைக் கொடுப்பது நம் கடமை.