பாதத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்!

சகோதரிகளே, சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். மாமாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினம் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். மாமியின் காவலை மீறி அந்த வீட்டில் ஓர் எறும்புகூடச் சர்க்கரை டப்பாவை நெருங்க முடியாது. காப்பியில் சர்க்கரை கிடையாது, பண்டிகை நாளிலும் உருளைக்கிழங்கு கிடையாது, சாதமும் அளந்துதான். "என் சமையலறையைத் தாண்டி வியாதி எப்படி வந்துவிடும், பார்க்கிறேன்!" என்று மாமி பெருமையாகச் சொல்வதுண்டு.

ஆனால் ஆபத்து கால் வழியாக வந்தது. சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, உச்சி வெயிலில் மாமா ஒரு மலைக்கோயிலின் கல்படிகளை வெறுங்காலோடு ஏறி இறங்கினார். உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பிற்று. வலிக்கவே இல்லை, ஆகையால் அவருக்குத் தெரியவும் இல்லை. நான்காம் நாள் படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்து மாமிதான் பதறிப்போனார். அன்றே டாக்டரிடம் ஓடியதால் கால் தப்பியது. இன்னும் சில நாள் அசட்டையாக இருந்திருந்தால் விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

"இவ்வளவு பத்தியம் வைத்தேனே, காலைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே!" என்று மாமி கண் கலங்கினார்.

கட்டுப் போட வந்த நர்ஸ் அம்மாள்தான் விளக்கினார். ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் அதிகமாக இருந்தால் கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. ரத்த ஓட்டமும் குறைகிறது. புண் வந்தால் தெரியாது. வந்த புண் லேசில் ஆறாது. ஆகவே, கால் சொல்லாததைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் பிரசங்கம் செய்துவிட்டுப் போகவில்லை. பேசின், துண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டுவரச் சொன்னார். மாமாவின் நல்ல காலை மாமியின் கையிலேயே கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும்; சூட்டை மாமா பார்க்கக் கூடாது, மாமி முழங்கையால் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். போடுமுன் அதை உதறிப் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்வர வேண்டும். தினம் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

பிறகு, "இப்போது நீங்கள் டீச்சர், நான் மாணவி. எனக்குச் சொல்லிக்கொடுங்கள், அம்மா" என்றார். மாமி இரண்டு இடத்தில் தவறினார். விரல் இடுக்கிலும் எண்ணெய் தடவலாம் என்றார். காய்ப்பை பிளேடால் சீவிவிடலாம் என்றார். இரண்டும் கூடாது என்று நர்ஸ் திருத்தினார். திருப்பிக் கேட்டிராவிட்டால் அந்தத் தவறுகள் வெளியே வந்திருக்குமா?

அடுத்து ஒரு கேள்வி: "ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமாகி, இவருக்கு வியர்த்துக் கை நடுங்கி, பேச்சுக் குழறினால் என்ன செய்வீர்கள்?"

"மோர் கொடுப்பேன். சர்க்கரையைக் கண்ணில்கூடக் காட்டமாட்டேன்!"

"அப்போதுதான் சர்க்கரை கொடுக்க வேண்டும், அம்மா" என்றார் நர்ஸ். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டதன் அடையாளம் அது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, தெளிந்ததும் ஆகாரம் தர வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து அதைத் தொடங்கியபோது காசநோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்கும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைஸின் வந்தது 1940-களில்தான். ஓய்வு, நல்ல காற்று, ஆகாரம், பராமரிப்பு, இவைதாம் அன்றைய வைத்தியம். இன்று மருந்துக்குக் குறைவில்லை. ஆனாலும் சர்க்கரை வியாதிக்குப் பாதி வைத்தியம் இன்றும் பராமரிப்புதான். இன்னொன்று: சர்க்கரை உள்ளவர்களைக் காசநோய் பிடிக்க மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு உண்டு. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கத் தவறாதீர்கள்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பல வீடுகளுக்கு வாசல் தேடி வந்தன. மாத்திரையை வாங்கியதும் கதவைச் சாத்திவிடாதீர்கள். ஊழியரோ நர்ஸோ யார் வந்தாலும் நிறுத்தி, தெரியாததைக் கேளுங்கள். புரிந்ததை அவரிடம் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். இதில் வெட்கமென்ன?

நர்ஸ் அம்மாள் புறப்படும்போது மாமியைப் பார்த்து, "உங்களுக்குக் கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தது?" என்று கேட்டார்.

"எனக்கா? எனக்கு என்ன வந்தது?" என்றார் மாமி. பார்த்ததே இல்லையாம்!

நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் மாமிகளும் உண்டு அல்லவா? மறுநாள் காலை மாமி வெறும் வயிற்றோடு பரிசோதனைக்குக் கிளம்பினார். துணைக்குப் போன நானும் கையை நீட்டிவிட்டு வந்தேன். நீங்கள் எப்போது போகப்போகிறீர்கள்?