குழந்தையின் நினைவில் இடைவெளி இருப்பது பொய்யாகாது

சென்னை அயனாவரத்தில் ஒரு சிறுமி பல மாதங்கள் அனுபவித்த பாலியல் வன்கொடுமை 2018-இல்தான் வெளிப்பட்டது. 2020-இல் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. குழந்தைகள் தாமதமாகவும் துண்டு துண்டாகவும் சொல்வதற்கு அச்சத்துடன் நினைவின் இயல்பும் காரணமாகலாம்.

கடும் அச்சத்தில் சுரக்கும் ஹார்மோன்கள், நிகழ்வுகளைக் கோவையாகப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸைப் பாதிக்கக்கூடும். ஆகவே ஒரு வாசனையோ குரலோ தெளிவாக நிலைத்திருக்க, நாளும் வரிசையும் மங்கலாம்.

பெற்றோர் திரும்பத் திரும்ப விசாரித்தல் கூடாது. கேள்வியிலேயே விடையைப் புகுத்தினால் நினைவு திரிபடையலாம். குழந்தை கூறியதை அதன் சொற்களிலேயே குறித்து வையுங்கள். குழந்தையை நீதிமன்றத்திற்கு மீண்டும் மீண்டும் அழைத்தலாகாது என்றே போக்சோ சட்டமும் (2012) கூறுகிறது.

குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416. அயனம்பாக்கம் பகுதியினர் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையும் அணுகலாம்.