அச்சாரம் முன்னே, ஆவணம் பின்னே?

சொத்து முதலீட்டில் புதிதாக இறங்குவோருக்கு ‘ஆஃபர்’ வைக்கும் கலையைக் கற்றுத் தருவதாகக் கூறும் வார இறுதி வகுப்புகள் தில்லியிலும் நொய்டாவிலும் குருகிராமிலும் பெருகியுள்ளன. அத்தகைய வகுப்பொன்றுக்குப் பணம் கட்டிச் சென்ற நண்பர் ஒருவர், அங்கு கொடுத்த கையேட்டை எனக்கு அனுப்பியிருந்தார். சொத்துரிமைச் சட்டத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில் அதை முழுவதும் படித்தேன். கேட்கும் விலையில் எவ்வளவு குறைத்துத் தொடங்குவது, விற்பவரின் அவசரத்தை எப்படி மோப்பம் பிடிப்பது, ‘பயானா’வை எவ்வளவு விரைவாக அவர் கையில் சேர்ப்பது ஆகியவை பக்கம் பக்கமாக இருந்தன. மூல ஆவணங்களைப் பார்ப்பது பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் பயானாவுக்கு அடுத்த படியாக.

நாம் அச்சாரம் என்பதைத்தான் வடக்கே பயானா என்கிறார்கள். அந்தக் கையேட்டில் எனக்கு மறுப்பு இருப்பது இந்த வரிசையின்மீதே. ‘பணம் முதலில், ஆவணம் பிறகு’ என்பது ஏதோ தொன்றுதொட்டு வந்த வணிக மரபு என்பதுபோல் தரகர்கள் பேசுகிறார்கள். அறியாதவரின் பணத்தை அறிந்தவரின் கைக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு பேச்சைத் தொடங்கும் ஏற்பாடு அது. பணம் போன பின் வாங்குபவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கெஞ்சலாகிவிடுகிறது.

சட்டம் வேறு வரிசையைச் சொல்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் கேட்டால் தம் வசமுள்ள உரிமை ஆவணங்கள் அனைத்தையும் பார்வைக்குத் தர விற்பவரைக் கடமைப்படுத்துகிறது. உரிமையில் உள்ள குறைகளைத் தாமே வெளிப்படுத்தவும் சொல்கிறது. ‘பயானா கொடுத்தால்தான் காகிதம் காட்டுவோம்’ என்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவோ, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின்மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. அதாவது, பத்து இலட்சம் கொடுத்துக் கையெழுத்திட்ட பின்னும் உங்களிடம் இருப்பது வீடு அன்று, வழக்குத் தொடுக்கும் வாய்ப்பு. புதுக் கட்டடம் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இன்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் தடுக்கிறது. தனியாரிடம் மறுவிற்பனையில் வாங்குவோருக்கு அந்த வேலியும் கிடையாது. தில்லியிலோ, வெறும் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் கைமாறிய வீடுகள் ஏராளம். அந்தப் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், ‘இந்தப் பகுதியில் இதுதான் வழக்கம்’ என்று சொல்லிப் பயானா வாங்குகிறார்கள்.

கையேட்டில் இல்லாத இன்னொன்று, ஒரே ஒரு சொல்லின் கனம். உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1963-இல் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்த பதே சந்த் வழக்கு தில்லிச் சொத்தொன்றைப் பற்றியது. பேசிய விலை 1,12,500 ரூபாய். அச்சாரமாக 1,000 ரூபாயும், பின்னர் விலையின் பகுதியாக 24,000 ரூபாயும் கைமாறின. ஒப்பந்தம் முறிந்தது. விற்பவர் 25,000 முழுவதையும் தமதாக்கிக்கொள்ள முயன்றார். ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், இழப்பை மெய்ப்பிக்காமல் 24,000-ஐப் பறிமுதல் செய்ய முடியாது என்றது நீதிமன்றம். 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் விலை 70 இலட்சம், அச்சாரம் 7 இலட்சம். வாங்குபவர் மீதியைக் கட்டத் தவறினார். கொடுத்தது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதிப்பணம் என்பதால் ஏழு இலட்சத்தையும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. பறிமுதலாகும் பணத்துக்கும் திரும்பி வரும் பணத்துக்கும் இடையே நிற்பது, அந்தத் தொகை எந்தப் பெயரால், எந்த நிபந்தனையோடு எழுதப்பட்டது என்பதே. தரகர் நீட்டும் அச்சிட்ட ரசீதில் அந்தப் பெயரை எழுதியவர் யார்? வாங்குபவர் அல்லர்.

ரொக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பேரத்தில் ஒரு பகுதியைக் ‘கறுப்பில்’ முடிப்பதை அந்த வகுப்பில் தந்திரமாகச் சொன்னார்களாம். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம் தடை செய்தது. விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும், பெற்ற தொகைக்கு இணையான அபராதம் பெற்றவர்மேல் விழும். கொடுத்தவர் தப்பித்தார் என்று எண்ண வேண்டாம். ஒரு கோடி ரூபாய் வீட்டை அறுபது இலட்சத்துக்குப் பதிவு செய்தால், வங்கி அறுபதில் எண்பது விழுக்காடு, அதாவது 48 இலட்சம் வரைதான் தரும். மீதி 52 இலட்சத்துக்குச் சம்பளக்காரர் எங்கே போவார்? கறுப்புப் பணம் உள்ளவரே வீடு வாங்க முடியும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, அதைச் சாமர்த்தியம் என்று கற்பிக்கிறார்கள்.

அமெரிக்கப் புத்தகங்களிலிருந்து பெயர்த்தெடுத்த ‘ஒரு விழுக்காடு விதி’யும் அந்தக் கையேட்டில் இருந்தது: மாத வாடகை விலையில் நூற்றில் ஒரு பங்காவது வர வேண்டுமாம். ஒரு கோடி ரூபாய் அடுக்ககத்துக்கு மாதம் ஓர் இலட்சம் வாடகை! நம் பெருநகரங்களில் அதே வீட்டுக்கு 25,000 வந்தாலே நல்ல வாடகை. ஆண்டுக்கு மூன்று விழுக்காடு. வீட்டுக் கடன் வட்டி அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். தில்லியில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக விலையில் ஒரு பகுதி முதல் நாளே கரைகிறது. இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்குத் தெரியும், ஆதாயம் வாடகையில் இல்லை என்பது. ஆகவேதான் அடுத்த பாடம் வருகிறது: பயானா மட்டும் கொடுத்து ஒப்பந்தம் போடு, பதிவுக்கு முன்பே இன்னொருவருக்குக் கைமாற்று. அந்த இன்னொருவர் பெரும்பாலும் குடியிருக்க வீடு தேடும் ஒரு குடும்பம். நடுவில் வந்தவரின் இலாபத்தை அவர்களே சுமக்கிறார்கள். திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கட்டுநர் எழுதிக்கொடுக்கும் திட்டங்களில் பணம் போடுபவர்கள், வீட்டைப் பெறும் நோக்கமற்ற ஊகவணிகர்களாகவே கருதப்படுவர், திவால் நடவடிக்கையைத் தொடங்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் அந்த வகுப்புகளில் யாராவது சொல்ல வேண்டும்.

‘ஆவணம் கேட்டு உட்கார்ந்தால் வீடு வேறொருவர் கைக்குப் போய்விடும்’ என்பது வழக்கமான மறுப்பு. சில வீடுகள் போகும். அதை நான் மறுக்கவில்லை. விற்பவருக்கும் வெட்டிப் பேச்சுக்காரரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும். அதற்கு வழி உண்டு. ஒரு பக்கக் கடிதம் போதும்: இன்ன விலைக்கு வாங்கச் சம்மதம்; இன்ன சிறு தொகை வங்கி வழியாகத் தரப்படுகிறது; இது அச்சாரம் அன்று, திரும்பப் பெறத்தக்க வைப்பு; முப்பது ஆண்டு ஆவணத் தொடர்ச்சி, வில்லங்கம், நிலுவை வழக்கு, சங்கப் பாக்கி ஆகியவற்றை என் வழக்கறிஞர் இன்ன நாளுக்குள் பார்ப்பார்; குறை இருந்தாலோ வங்கி கடன் மறுத்தாலோ ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். ஐம்பது இலட்சமும் அதற்கு மேலும் என்றால் ஒரு விழுக்காட்டு வரிப்பிடித்தத்தையும் அதிலேயே எழுதிவிடலாம். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. அதைப் பிடிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது. நேர்மையான விற்பவர் எவருக்கும் இக்கடிதத்தில் இழப்பில்லை. இதற்குக் கையெழுத்திட மறுப்பவர் எதை மறைக்கிறார் என்பதை, பணம் கொடுக்கும் முன்பே நாம் யோசிக்கத் தொடங்கலாம்.

ஏற்கெனவே பயானா கொடுத்துவிட்டுப் பதிவுக்குக் காத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள்: நாள் குறித்திருந்தால் அந்நாளிலிருந்து, இல்லையேல் விற்பவர் மறுத்ததை அறிந்த நாளிலிருந்து. தரகரின் தொலைபேசி வாக்குறுதிகள் அந்தக் கடிகாரத்தை நிறுத்தா. வழக்குத் தொடுத்தால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதையும் மனுவில் தனியே எழுதச் சொல்லுங்கள். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கேட்காத பணத்தை நீதிமன்றம் திருப்பித் தராது.