சோப்பு தடவினா போதுமா?

காருக்குள் லேசா பெட்ரோல் வாடை அடிச்சா நாம என்ன செய்வோம்? கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பிடுவோம். சொட்டு விழுந்தா டேங்கில் சோப்பைத் தேய்ப்போம், ஹோஸில் எம்-சீல் அப்புவோம். இதுக்குப் பேர் ரிப்பேர் இல்லைங்க, ஒத்திப்போடுறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிங்க. சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்கணும்னு இல்லை. இன்ஜின் ஆறியதும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, அடியில் அட்டை விரித்து, டார்ச் அடித்து மேல்நோக்கித் தேடுங்க. டேங்க் நிரப்பினால் மட்டும் வாடை வந்தால், டேங்கின் மேல்பக்க சீல், பெட்ரோல் ஊற்றும் குழாய் மேல் சந்தேகப்படுங்க. பம்ப் ஓடும்போது மட்டும் கசிந்தால் அழுத்தம் உள்ள லைன்தான். பல நேரம் வெடித்த ரப்பர் ஹோஸோ தளர்ந்த கிளிப்போதான் காரணம்.

இப்போ வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதற்கென்று செய்யாத பழைய ரப்பரை அது சீக்கிரம் கெடுக்கலாம். இன்ஜெக்‌ஷன் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், சாதா ஹோஸ் தாங்காது. அதற்குரிய ஹோஸைக் கேட்டு வாங்குங்க. லைன் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியைக் கழற்றிய பிறகே கை வைக்கணும்.

ஸ்டெப் எழுதாத விடைக்கு முழு மார்க் கிடையாது. ரிப்பேருக்கும் அதே ரூல்தான்!