அக்கா தங்கைச் சொற்கள்



வீட்டிலிருந்தபடியே இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் நம் போன்றவர்களுக்குப் பெரிய தலைவலி எது தெரியுமோ? ஸ்பெல்லிங்கும் இல்லை, இலக்கணமும் இல்லை. அக்கா தங்கை போல ஒரே சாயலில் இருக்கும் இரண்டு சொற்களில் எது எங்கே வரும் என்பதுதான். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஒரே தமிழ் அர்த்தம் போட்டிருக்கும். மூடி வைத்துவிட்டு முழிக்க வேண்டியதுதான்!

இதற்காகக் கூச்சப்பட வேண்டாம். தமிழ் கற்க வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நம் அடுப்படியில் நிறுத்திப் பாருங்கள். உருளைக்கிழங்கை வறுக்கிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம். அவளுக்கு மூன்றுமே ‘ஃபிரை’தான். "அப்பளம் வதக்கினேன்" என்று அவள் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் நமக்கு இதை யார் பாடம் நடத்தினார்கள்? அப்பளத்தோடு ‘பொரி’ ஒட்டியே வந்தது, வெங்காயத்தோடு ‘வதக்கு’ ஒட்டியே வந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். இங்கிலீஷுக்கும் அதே வழிதான். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். எந்தப் பொருளோடு வருகிறதோ, அந்தப் பொருளோடு சேர்த்துப் படியுங்கள்.

எல்லாச் சொல்லுக்கும் ஒரே அவசரம் இல்லை. ‘பிக்’ என்பதற்கு ‘லார்ஜ்’ என்று சொல்லிவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. மாற்றினால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் சொற்களை முதலில் படித்துக்கொள்ளுங்கள். அவை மருந்து அலமாரியிலும் சமையலறையிலும்தான் இருக்கின்றன.

மருந்து அலமாரியில்

‘டீஸ்பூன்’ என்றால் 5 மில்லி. ‘டேபிள்ஸ்பூன்’ என்றால் 15 மில்லி. ‘ஸ்பூன்தானே’ என்று நினைத்தால் மருந்து மூன்று மடங்காகிவிடும். வீட்டு ஸ்பூன்களும் ஒன்று போல ஒன்று இருக்காது. பாட்டிலோடு வரும் அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும்.

‘சிரப்’, ‘டிராப்ஸ்’ இரண்டும் ஒரே காய்ச்சல் மருந்தாக இருக்கலாம், வீரியம் வேறு. பாரசிட்டமால் டிராப்ஸில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்றும் வரும், 250 என்றும் வரும். 125 சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து கொடுத்தால் 500 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு, பிள்ளை வயிற்றுக்குள் போய்விடும். டாக்டர் சொன்ன அளவு எந்த பாட்டிலுக்கு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

‘ஐ டிராப்ஸ்’ கண்ணுக்கு, ‘இயர் டிராப்ஸ்’ காதுக்கு. இங்கிலீஷில் கண்ணுக்கும் மூன்று எழுத்து, காதுக்கும் மூன்று எழுத்து, இரண்டும் ‘ஈ’ என்ற எழுத்தில்தான் ஆரம்பம். பாட்டிலும் ஒரே அளவு. காதுக்கான சொட்டு மருந்து கண்ணில் படவே கூடாது. அரைத் தூக்கத்தில் எடுக்காமல், விளக்கைப் போட்டுப் படித்துவிட்டு விடுங்கள்.

அப்புறம் நம்முடைய ‘மயக்கம்’. தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், மாத்திரை போட்டுக் கண் சொருகினாலும் மயக்கம். இங்கிலீஷில் தலைசுற்றல் ‘கிட்டினஸ்’, நினைவு தப்புவது ‘ஃபெயின்டிங்’, தூக்கக் கலக்கம் ‘ட்ரௌசினஸ்’. மூன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம், வைத்தியமும் வேறாகலாம். இங்கிலீஷ் வராவிட்டால் பரவாயில்லை. "தலை சுத்துச்சுங்க டாக்டர், ஆனா நினைவு இருந்துச்சு" என்று பிரித்துச் சொன்னாலே போதும். சளி, அலர்ஜி மருந்து அட்டையில் ‘ட்ரௌசினஸ்’ என்று போட்டிருந்தால், அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது என்று வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.

பாக்கெட்டின் மேல்

‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அந்தத் தேதி வரை ருசியும் மணமும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். ‘எக்ஸ்பைரி’ என்றால் அதற்குப் பிறகு தொடக்கூடாது. மருந்தில் மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கு.

சர்க்கரை வியாதி உள்ள மாமனார் மாமியார் இருக்கும் வீடுகளில் இன்னொரு ஜோடி முக்கியம். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. ‘நோ ஆடட் சுகர்’ என்றால் மேலே சர்க்கரை கொட்டவில்லை என்பது மட்டும்தான். பழத்திலும் பாலிலும் இயற்கையாக உள்ள சர்க்கரை அப்படியே இருக்கும். இதை நம்பி மாமனாருக்கு டம்ளர் டம்ளராக ஜூஸ் கொடுத்துவிடாதீர்கள்.

சமையலறையில்

‘பேக்கிங் சோடா’ நம் ஆப்ப சோடா. ‘பேக்கிங் பவுடர்’ என்பது அதோடு புளிப்புச் சரக்கும் மாவும் கலந்தது. மாற்றிப் போட்டால் கேக் எழும்பாது, அல்லது கசக்கும், அவ்வளவுதான். ஆனால் ‘வாஷிங் சோடா’ துணி வெளுக்கிற காரம். வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். பெயர் எழுதாத டப்பாவில் இதைப் போட்டு அடுப்படியில் வைக்கவே வேண்டாம்.

எங்கள் கெங்கவல்லி, ஆத்தூர்ப் பக்கம் விளையும் குச்சிக்கிழங்கிலும் ஒரு ஜோடி உண்டு. கிழங்கை அரைத்து எடுக்கும் மாவு ‘ஸ்டார்ச்’. அந்த மாவை மணியாக உருட்டிப் பக்குவம் செய்தால் ‘சேகோ’, அதுதான் ஜவ்வரிசி. சேலத்தில் 1981ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் பெயரே ‘சேகோசர்வ்’. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ‘சேகோ’ என்ற பெயர் முதலில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவுக்கு உரியது. அதனால் வெளிநாட்டிலிருக்கும் மகள் பாயசத்துக்கு ஜவ்வரிசி தேடினால், ‘டாபியோகா பெர்ல்ஸ்’ என்று எழுதியதை வாங்கச் சொல்லுங்கள்.

எப்படிப் பழகுவது?

பீட்டர் ரோஜே என்ற ஆங்கில டாக்டர், ஒரே சாயல் சொற்களை வகை வகையாகப் பிரித்து 1852ல் ஒரு நூல் வெளியிட்டார். நம் முன்னோர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே திவாகரம், பிங்கலம் என்று நிகண்டுகள் செய்துவிட்டார்கள். நாமும் வீட்டளவில் ஒரு நிகண்டு செய்யலாமே! ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் இரண்டு சொற்கள். இரண்டாவதில் ஒவ்வொன்றும் எந்தப் பொருளோடு வரும் என்பது. மூன்றாவதில், மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பது. இந்த மூன்றாவது கட்டம்தான் சொல்லை மறக்கவிடாது.

நாளைக்கு ஒரு ஜோடி போதும். மளிகை பாக்கெட், மருந்து அட்டை, பிள்ளைகளின் பாடப் புத்தகம், எதிலிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையே சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கும் பாடம், உங்களுக்கும் பாடம். சந்தேகம் வந்தால் மருந்துக்கடையிலேயே நின்று, "தம்பி, இது காதுக்கா கண்ணுக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பின்னால் நிற்பவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பிள்ளை நம் பிள்ளை.