மாடிக்குச் செல்லும் வழியில் பாகுபாடு கூடாது

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஈஸ்ட் ஆற்றங்கரையில் 2019 செப்டம்பரில் ஒரு பொது நூலகம் திறக்கப்பட்டது. 4 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு எழுப்பிய அந்தக் கட்டடத்தைக் கட்டடக்கலை விமர்சகர்கள் வெகுவாகப் பாராட்டினார்கள். ஆனால், புனைகதை நூல்கள் அடுக்கப்பட்டிருந்த மூன்று இடைத்தட்டுகளுக்குப் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லை. மின்தூக்கி இருந்தும் அது அந்தத் தட்டுகளில் நிற்கவில்லை. படியேற முடியாதவர்களுக்கு ஊழியர்கள் நூலை எடுத்துத் தருவார்கள் என்று சமாதானம் சொல்லப்பட்டது. சில வாரங்களிலேயே மாற்றுத்திறனாளிகள் தரப்பில் வழக்கு தொடரப்பட்டது. நூல்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. 2024-இல் நகர நிர்வாகமே கட்டடத்தை வடிவமைத்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது.

பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையற்ற வழியை உறுதிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1990 முதலே இருக்கிறது. அதன் பிறகும் இப்படியொரு வரைபடம் பல மேசைகளைக் கடந்து கட்டடமாகியிருக்கிறது. வரைந்தவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, ஒப்புதல் அளித்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அலமாரிகளுக்கிடையே தானே உலவி நூலைத் தேர்ந்தெடுப்பது வாசகரின் உரிமை. அதைப் பறித்துவிட்டு உதவிக்கு ஆள் தருவது நீதியாகாது.

நூலகத்துக்குச் சொல்வது அருங்காட்சியகத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நகரங்களின் நடுவே நிலம் அரிதாகிவிட்டதால் அருங்காட்சியகங்கள் பல மாடிகளாக உயர்கின்றன. தளத்துக்குத் தளம் செல்லும் வழிதான் பார்வையாளர் எதை முதலில் காண்பார், எதை இறுதியில் காண்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் இதை முதன்மையாகக் கருதினார். மின்தூக்கியில் உச்சிக்குச் சென்று, சுருளாக இறங்கும் சாய்தளத்தில் ஓவியங்களைப் பார்த்தபடியே கீழே வருவது அவர் வகுத்த முறை. 2016-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், வரலாற்றுக் கூடங்களைக் காண வருவோர் பெரிய மின்தூக்கியில் ஒன்றாகத் தரைக்குக் கீழே இறங்குகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கும் அந்த வரலாற்றைப் பார்த்தபடியே, சாய்தளங்களின் வழியே நிகழ்காலத்துக்கு ஏறி வருகிறார்கள். பாரிஸின் லூவர் பிரமிடில் சக்கர நாற்காலிக்கான மின்தூக்கி, சுருள்படிக்கட்டின் நடுவிலேயே, எல்லோர் பார்வையிலும் இயங்குகிறது. அழகுக்காகச் சமத்துவத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்ற சாக்குக்கு இனி இடமில்லை என்பதை இக்கட்டடங்கள் காட்டுகின்றன.

எல்லோருக்குமான வழியைக் கட்டடம் கட்டி முடித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது வீண்பேச்சு. சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12. ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் வேண்டும். 5 மீட்டர் உயரமுள்ள ஒரு தளத்தை எட்ட 60 மீட்டரும், இடையிடையே நின்று இளைப்பாறச் சமதளங்களும் வேண்டும். முதல் வரைபடத்திலேயே இந்த இடத்தை ஒதுக்காவிட்டால் பிறகு அது கிடைக்கவே கிடைக்காது. அப்போதுதான் முதியவர்களும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும், சக்கர நாற்காலியில் வருபவர்களும் சரக்கு ஏற்றும் மின்தூக்கியைத் தேடிக் கட்டடத்தின் பின்புறம் அலைய நேர்கிறது. இருக்கும் ஒரே மின்தூக்கியும் பழுதானால், மேல்தளங்கள் அவர்களுக்குப் பூட்டப்பட்டவையே.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வெளியான ஐந்தாண்டுகளுக்குள் சீரமைக்கச் சொன்னது. விதிகள் 2017-இல் வெளியாயின. அந்தக் கெடு 2022-லேயே கடந்துவிட்டது. அணுகல் தொடர்பான விதி வெறும் பரிந்துரையாக நின்றுவிடுவதைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், கட்டாயத் தரநிலைகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. சட்டம் இயற்றி எட்டாண்டுகள் கழித்தும் நீதிமன்றம் தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது ஆட்சியாளர்களுக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

பொதுப்பணத்தில் எழும் எந்த அருங்காட்சியகத்திலும் முதன்மை வழி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதில் எல்லோரும் சேர்ந்து செல்ல முடிய வேண்டும். படிக்கட்டு இருக்கலாம், அது மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. வடிவமைப்புப் போட்டிகளின் நடுவர் குழுவில் மாற்றுத்திறனாளிகள் இடம்பெற வேண்டும். ஒரு மின்தூக்கி பழுதானாலும் மற்றொன்று இயங்க வேண்டும். பராமரிப்புக்கான நிதியைக் கட்டுமானச் செலவோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும். தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது என்பதால், இறங்க இயலாதவர்கள் மீட்கப்படும்வரை காத்திருக்கப் பாதுகாப்பான இடமும் ஒவ்வொரு தளத்திலும் தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வரைபடத்தை நிராகரிப்பதே அதிகாரிகளின் கடமை. குறையை அறிந்தே கையெழுத்திடுபவர், குடிமக்களில் ஒரு பகுதியினரை அவர்களின் சொந்த வரலாற்றிலிருந்து வெளியேற்றுகிறார். அந்தத் தவறுக்கு அவர் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கப்பட வேண்டும்.