நோய் வந்த பிறகு இன்சூரன்ஸா? கை விரிக்கும் கம்பெனிகள்! கறவை மாடு வளர்ப்போர் தவிப்பு

தருமபுரி:
மழை பொய்த்தால் தருமபுரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு கஞ்சி ஊற்றுவது கறவை மாடுதான். அந்த மாடு படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும். "அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று நினைப்பவர்களுக்கு காத்திருப்பது ஏமாற்றம்தான்.

காரணம் என்ன?

மாட்டு இன்சூரன்ஸ் பெரும்பாலும் மாடு செத்தால்தான் பணம் தரும். ஊசி, மருந்து செலவுக்கு தராது. பாலிசி தொடங்கும் முன்பே இருந்த நோயால் மாடு செத்தாலும் 'கிளைம்' கிடையாது. நகரங்களில் விற்கும் நாய் இன்சூரன்சிலும் இதே கதைதான். சிகிச்சை செலவு தருவார்கள், ஆனால் பழைய நோய்க்கு தர மாட்டார்கள்.

சந்தையில் உஷார்

காரிமங்கலம் மாதிரி சந்தையில் மாடு பிடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மடிநோய் வெளியே தெரியாது. வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகுதான் பால் திரிஞ்சு வரும். விலை பேசும் முன் நாலு காம்பிலும் முதல் பாலை கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள். கட்டி கட்டியாக வந்தால் அந்த மாடு வேண்டாம்.

ரூ.15 போதும்

மாடு நன்றாக இருக்கும்போதே பாலிசி போடுவதுதான் புத்திசாலித்தனம். தேசிய கால்நடை இயக்க இன்சூரன்சில், 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி, பிரிமியம் 100 ரூபாய் என்றால் விவசாயி கட்டுவது 15 ரூபாய்தான். மீதியில் மத்திய அரசு 51, மாநில அரசு 34. கால்நடை டாக்டரின் சான்று வேண்டும். காதில் மாட்டும் கம்மல் முக்கியம். அது விழுந்துவிட்டால் உடனே சொல்லி வேறு மாட்டாவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம்.

ஏற்கனவே நோய் இருந்தால்?

அரசு கால்நடை மருந்தகம்தான் ஏழைக்கு கதி. நடக்க முடியாத மாட்டுக்கு 1962-க்கு போன் செய்தால் வண்டி வரும். மடிநோய்க்கு சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து பூசும் முறையை தேசிய பால்வள வாரியமே சொல்கிறது. ஆனாலும் டாக்டரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.

பிரிமியத்துக்கு மானியம் தரும் அரசு, சிகிச்சை செலவுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். செத்த மாட்டுக்கு காசு கொடுப்பதை விட, இருக்கிற மாட்டை காப்பாற்றுவது லாபம்தானே!